தோட்டக் காணியைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வீடுகள் வந்தால் ஊர் முன்னேறும்தானே, அப்பா ஏன் குறுக்கே நிற்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அப்போது சரியாகப் பேச முடியவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன்.

கந்தோரில் பார்வைக்கு வைத்திருந்த அபிவிருத்தித் திட்ட வரைவைப் போய்ப் பார்த்தேன். நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் பெரும்பகுதியைக் குடியிருப்பு வளரவேண்டிய இடம் என்று நிறம் தீட்டியிருக்கிறார்கள். உன் பெயரில் எழுதிய காணியும் அதற்குள்தான். வரைபடத்தில் வீதி இருக்கிறது, மதகு இருக்கிறது. கிணறு ஒன்றுகூட இல்லை.

நகர அபிவிருத்தி விதிகளின்படி 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச் இருந்தால் ஒரு துண்டு பிரிக்கலாம். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 40 அடி. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விடச் சொல்லித்தான் சுகாதாரப் பரிசோதகர்கள் இவ்வளவு காலமும் சொல்லி வந்தார்கள். 40 அடிக் காணிக்குள் 50 அடியை எங்கே அளப்பது? களிமண் என்றாலாவது கொஞ்சம் தாங்கும். இது மணல், ஊற்றியது உடனே கீழே போய்விடும்.

உப்புக் கதை இன்னும் மோசம். இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அமர்த்தி வைத்திருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு ஏறத்தாழ 40 அடி ஏறும். நூறு வீட்டு மோட்டர் ஒன்றாக இழுத்தால் என்ன நடக்கும் என்று நீயே யோசி. 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைக்க இறைக்க உப்புத்தான் வந்தது. கடைசியில் மாரி மழைதான் கழுவித் தந்தது. அந்த மழை இறங்குவதற்கும் வெறும் மண் வேண்டும். கூரையும் கொங்கிரீட் முற்றமும் போட்டு மூடினால் அது வாய்க்காலால் கடலுக்குப் போகும்.

குழாய்த் தண்ணீர் தருவோம் என்கிறார்கள். நல்லது, தரட்டும். குழிகளில் இருந்து கசிவது எங்கே போகும் என்று கேட்டேன். பதில் இல்லை. வெங்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரா இறைப்பது?

வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளை. கலியாணம் முடித்து இன்னும் தாய் தகப்பன் வீட்டு விறாந்தையில் படுக்கிற பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெற்றோரின் வளவுக்குள்ளேயே கட்ட அனுமதியும் கடனும் கொடுக்கட்டும். இடம்பெயர்ந்த காலத்தில் இடிந்து இன்றும் பற்றை மூடிக் கிடக்கிற வீட்டுக் காணிகளை முதலில் எடுக்கட்டும். தோட்டத்தை வெட்டி விற்றால் வாங்கப்போவது அந்தப் பிள்ளைகள் இல்லை. இங்கே பேர்ச் விலை அவர்களுக்கு எட்டாது.

விலை ஏறும்போது விற்றுவிடலாம் என்று மருமகன் சொன்னாராம். அவரோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் காணியை விற்றால் கீழ்ப்பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாருடைய கிணறும் சேர்ந்து போகும். அதை அவருக்கு விளங்கப்படுத்து.

என் ஆட்சேபனையைக் கொடுத்துவிட்டேன். காணி உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருப்பதால் நீயும் தனியாக ஒன்று எழுத வேண்டும். தோட்டமாகவே இருக்கட்டும் என்று கேட்டு, கையெழுத்து வைத்து, உறுதியின் பிரதியோடு அனுப்பு. தவணை முடிவதற்கு முன் கிடைத்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவேன்.

அன்புடன்,
அப்பா