பொருள்: கேம்பர் வேன் பக்கக் கதவுக் கொசுவலைக் கிட்டில் காந்தக் கோளாறு – ஐந்தாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக முன்பு எழுதிய நான்கு கடிதத்துக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

நாமே அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து மாட்டிக்கொள்ளும் உங்கள் கிட்டின் வலது பாதியில் காந்தங்களை முனை மாற்றித் தைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் திரையில், இரண்டு பாதியிலும் வடமுனை ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் மேல் பாதியின் முதுகு கீழ்ப் பாதியின் முகத்தைப் பிடிக்கும். எனக்கு வந்ததில் 10 ஜோடியும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சேர்த்து அமுக்கினால் ஓரம் சுருண்டு நழுவுகிறது. விரலை எடுத்ததும் உள்ளங்கை அகலத்துக்கு வலை பிளந்து நிற்கிறது. அந்த இடைவெளி போதும், கொசு மொத்தமும் உள்ளே.

உங்கள் ஆள் போனில் சொன்ன பதில்: "திருப்பி மாட்டுங்க சார், இதுகூடத் தெரியாதா?" தைத்து முடித்த பாதியை எப்படித் திருப்புவது? இடவலமாகத் திருப்பினால் காந்த ஓரம் கதவுச் சட்டத்துக்குப் போய்விடும். தலைகீழாகக் கவிழ்த்தால் அடிமடிப்பில் கோத்த கனச் சங்கிலி கூரைப் பக்கம் தொங்கும், வெல்க்ரோவும் வெளிப்பக்கம் பார்க்கும், வளைத்து வெட்டிய மூலை சட்டத்தில் பொருந்தாது. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே இது தெரியாதா? இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். நான் கேட்டது உதவி, ஏச்சு அல்ல.

வெட்டும் முன்பே தெரிந்திருந்தால் கவிழ்த்து வைத்தே வெட்டியிருப்பேன், பிரச்சினையே இல்லை. ஆனால் உங்கள் கையேடு காகித அச்சு எடு, சுற்றிலும் 5 செ.மீ. கூட விட்டு வெட்டு, பயாஸ் டேப் (ஓரம் மடிக்கும் துணிப்பட்டை) வைத்துத் தை என்று போய், காந்தம் சேர்கிறதா பார் என்பதைக் கடைசிப் படியாக வைத்திருக்கிறது. அது முதல் படியாக இருக்க வேண்டும்.

வண்டியை நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். அரை நாள் ஓட்டிக்கொண்டு போனால், சர்வீஸ் சென்டரில் "திரை எங்கள் பிரிவு இல்லை" என்று ஒரு துண்டுச் சீட்டில் அதே கஸ்டமர் கேர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வெல்க்ரோவையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டி, 24 மணி நேரம் விட்டுத்தான் திரையை மாட்டினேன் (கையேட்டில் "உடனே மாட்டலாம்" என்று இருக்கிறது, அது தவறு). அப்படியும் வெயிலில் நின்ற வண்டியில் பசை இளகி நூல் நூலாக இழுத்துக்கொண்டு பட்டை இறங்கிவிட்டது. சூடேறும் தகரத்துக்கு ரப்பர் பசை ஆகாது, அக்ரிலிக் பசைதான் தாங்கும். இறங்கிய வலை கதவோர ரப்பர் பீடிங்கில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை) மாட்டி, கதவு முழுதாக மூடவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வந்து தரைப்பலகை ஊறிப்போனது. என் வண்டியே பாழ். ஒரு பருவம் முழுக்கப் போயிற்று.

இன்னொன்று: பெட்டியில் "மணல் ஈயும் நுழையாது" என்று போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஓர் அங்குலத்துக்கு 18-க்கு 16 கண்ணிதான். கொசுவைத் தடுக்கும், அதைவிடச் சிறிய மணல் ஈ தாராளமாக நுழையும். அந்த வாசகத்தை எடுங்கள்.

காந்தம் சரியாகத் தைத்த வலது பாதி, அக்ரிலிக் பசை வெல்க்ரோ, தரைப்பலகைக்கு இழப்பீடு. இந்த மூன்றும் 15 நாளுக்குள் வர வேண்டும். நீங்கள் நல்லபடியாக முடித்துத் தருவீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன். வராவிட்டால் துண்டுச் சீட்டு, காந்தம் தள்ளும் வீடியோ, அழைப்புப் பதிவுகள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றம் போவேன்.

பழைய பாதியைத் திருப்பிக் கேட்டால் அனுப்பத் தயார், கூரியர் செலவு உங்களுடையது. பேசுவதானால் வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள். அந்த நபர் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்