‘வசதி’ என்ற சொல்லை அடியுங்கள்: வீட்டுப் பழுது உதவித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு உங்களிடம் இருக்கிறது. ஆகவே பெயர், வயது, வீடு கட்டிய வருடம், வருமானச் சான்று எதையும் மறுபடி எழுதவில்லை. மூன்று தடவை கொடுத்தாயிற்று. ஏசி நின்று இன்றோடு 34 நாள் ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோப்பில் விண்ணப்பத் தேதிதான் இருக்கும், நாள் கணக்கை யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் உங்கள் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு ‘வசதி மேம்பாடு’ என்ற பிரிவில் வரிசையில் இருக்கிறதாம். நான் வாசித்துக் காட்டினேன். என் கணவர் தாளை வாங்கித் தானும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, “வசதியாமே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். பாலைவன வெயில் காலத்தில், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஏசி நின்றுபோனால் அதை அவசரப் பழுது என்று எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஓர் ஆளை அனுப்புங்கள். இந்த 48 எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன். உங்களிடமிருந்து எடுத்ததுதான்.

பகலில் 45, 46 டிகிரி அடிப்பது உங்களுக்கும் தெரியும். கார் நிறுத்தும் இடத்திலிருந்து அலுவலக வாசல் வரை நீங்களும் அதே வெயிலில்தான் நடக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதது எங்கள் ராத்திரி. கான்கிரீட் கல் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை வீடு இது. பகல் முழுக்கச் சுவர் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெளியே காற்று கொஞ்சம் ஆறுகிற நேரம் பார்த்து, குடித்ததை வீட்டுக்குள் விட ஆரம்பிக்கும். மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை மூன்றாம் நாளே கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டோம். ராத்திரி 11 மணிக்கு இவருக்கு உடம்புச் சூடு பார்த்தேன், 37. சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரில் 38. “வீட்டுக்குத்தான் காய்ச்சல்” என்று இவர் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

மின்விசிறி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் உங்கள் அலுவலகத்தில். 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும், அதற்குக் கீழே இருந்தால்தான் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதியம் 2 மணிக்கு எங்கள் கூடத்தில் 41. தலைமுடி உலர்த்துகிற கருவியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. அடிக்கடி குளிக்கவும் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே ஓடி வருகிறது. நீலப் புள்ளி போட்ட குளிர்நீர்க் குழாயை மதியம் திறந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அதிகாலை 5 மணிக்கே எழுந்து நான்கு வாளி பிடித்து மூடி வைத்தால்தான் மதியத்துக்கு உடம்பில் ஊற்றுகிற மாதிரித் தண்ணீர். வாளி தூக்குகிறவளுக்கு வயது 73. அதுவும் கோப்பில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருக்கு 79. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று சிறுநீர் பிரிய வைப்பது. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வேர்வையும் குறைந்துவிடும். “தண்ணி குடிங்க” என்று நான் கேட்கும்போதெல்லாம் “தாகமே இல்லையே” என்பார். வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், நிஜமாகவே இல்லை. ராத்திரி 2 மணிக்குக் குளியலறையில் முக்காலி உருளுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தைத் தொட்டேன். வேர்வையே இல்லை, உலர்ந்து கொதித்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “பஸ் வந்துடுச்சா?” என்றார்.

ஆம்புலன்ஸில் பார்த்தபோது சூடு 40-ஐத் தாண்டியிருந்தது. மூன்று நாள் மருத்துவமனை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் வரியே, ‘குளிர்ச்சியான இடத்தில் இருக்கவும்.’ அதன் நகலை உங்களுக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டு கோப்பில் சேர்த்துவிட்டதாக ஒப்புகை வந்தது. சேர்த்ததற்கு நன்றி.

அன்றிலிருந்து ராத்திரியில் அடுத்த வீட்டுக் கூடத்தில் படுக்கிறோம். அவர்கள் ஒன்றும் நினைப்பதில்லை, தங்கமான மனிதர்கள். ஆனால் சொந்தமாக வீடு கட்டி, கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்த மனிதர், இரண்டு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்தவர் வாசலில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிற்பதை நீங்கள் ஒரு நாள் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒரு முறை அழுத்தினார். இப்போதெல்லாம் என்னை அழுத்தச் சொல்கிறார்.

இத்தனைக்கும் பழுது என்ன தெரியுமா? அடுத்த வீட்டுப் பையன் ஏசி வேலை தெரிந்தவன். வெளியே இருக்கிற பெட்டியில் காது வைத்துக் கேட்டான். உறுமல் சத்தம் வருகிறது, விசிறி சுற்றவில்லை. விசிறியைச் சுற்ற வைக்கிற கெப்பாசிட்டராகத்தான் இருக்கும், இந்தச் சூட்டில் அது சீக்கிரம் போய்விடும் என்றான். கைக்குள் அடங்குகிற ஒரு டப்பா, மாற்ற அரை மணி நேரம் போதும், இப்போதே வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். நான்தான் தடுத்தேன். உங்கள் விதியால் தடுத்தேன். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் வேலையில் கைவைத்தால் விண்ணப்பம் ரத்து என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கூரைப் பூச்சு, பழைய மின்கம்பி, குளியலறை எல்லாம் ஒரே விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறோம். அந்த டப்பாவைத் தொட்டால் அத்தனையும் போகும். போனில் உங்கள் ஆளிடமே கேட்டேன். “மாத்திக்கலாம்மா, ஆனா மறுபடி முதல்லேருந்து விண்ணப்பிக்கணும்” என்றார். பாவம், அவருக்கும் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. போன வருடம் வாசல் படிக்குக் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்தீர்கள். நல்ல கனமான இரும்பு. ஆட்டிப் பார்த்தாலும் அசையாது. கறுப்புப் பெயின்ட் அடித்து, தென்மேற்கு வெயில் நேராக விழுகிற பக்கத்தில் நட்டிருக்கிறது. மதியத்துக்கு மேல் அதைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஈரத்துண்டு தொங்குகிறது, கம்பியைப் பிடிப்பதற்கென்றே. கையில் சுற்றிப் பிடித்து மூன்று படி இறங்கி, குப்பைத் தொட்டி வரை போய்த் திரும்புவதற்குள் துண்டு விறைத்துக் காய்ந்துவிடும். வேலை முடிந்ததும் உங்கள் ஆய்வாளர் வந்து கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதிக்கொண்டு போனார். அது ஜனவரி மாதம். ஒரு மரப்பிடியோ ரப்பர் உறையோ போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். குளியலறைக் கைப்பிடியைப் பற்றி எழுதப்போவதில்லை. சுவரில் ஒட்டிய டைலோடு திருகியிருந்தார்கள், சுவர் வரைக்கும் திருகாணி போகவில்லை, கையோடு வந்துவிட்டது.

கூரைப் பூச்சும் அப்படித்தான். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று உங்கள் துண்டுப்பிரசுரமே சொல்கிறது. எங்கள் கூரையில் அது வெடித்துப் புழுதி அப்பி, இப்போது மண் நிறத்தில் இருக்கிறது. மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். 48 மணி நேரத்துக்கு வருகிறேன்.

உங்கள் அவசரப் பழுதுப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கேஸ் கசிவு, மின்கசிவு, சாக்கடை அடைப்பு, அதற்கடுத்து ‘வெப்பமூட்டி செயலிழத்தல்’. எல்லாவற்றுக்கும் 48 மணி நேரம். வெப்பமூட்டி! இங்கே குளிர் என்று வருவது வருடத்தில் சில வாரம். இரண்டு போர்வையும் ஒரு ஸ்வெட்டரும் போதும். 46 டிகிரிக்குப் போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது? பனி பெய்கிற ஊருக்கு யாரோ எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து பாலைவனத்தில் ஒட்டிவைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

வெயில் சாவு என்றால் ரோட்டில் வேலை செய்கிறவர், வெளியே படுத்திருப்பவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. அவர்களும் சாகிறார்கள்தான். ஆனால் 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அடித்த வெப்ப அலையைப் பாருங்கள். ஒரே வாரத்தில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 98 பேர் கட்டடத்துக்குள் இருந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு 70 வயதானவர்களும் அதைத் தாண்டியவர்களும். அங்கே பலருக்கும் ஏசி இல்லை, தேவைப்படாத ஊர் என்று நினைத்திருந்தார்கள். எங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தேவை என்று தெரிந்து வாங்கி மாட்டி, அது நின்றும் போய், உங்களுக்கு எழுதியும் கொடுத்தாயிற்று.

புது விதி எழுதச் சொல்லவில்லை. ‘வெப்பமூட்டி’ என்று இருக்கிற அதே வரியில் ‘குளிர்சாதனம்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்கிறேன். ஏசி நின்றால் அவசரப் பழுது, 48 மணி நேரத்துக்குள் ஓர் ஆள். முழு இயந்திரத்தையும் உடனே மாற்ற முடியாவிட்டால், ஓடவைக்கிற அளவுக்கு ஒரு தற்காலிகப் பழுதாவது பார்த்துக்கொள்ள அனுமதியுங்கள், அதற்காக விண்ணப்பத்தை ரத்து செய்யாதீர்கள். ஆய்வு, அளவெடுப்பு எல்லாவற்றையும் பிப்ரவரியிலேயே முடித்துவிட்டால் ஜூன் மாதம் உங்களுக்கும் இத்தனை போன் வராது. வரிசைப்படி போனால் எங்கள் முறை நவம்பரில் வரும் என்றார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்களுக்குச் சூரியன் தணிந்த பிறகு ஏசி.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆள் குறைவு, விண்ணப்பம் அதிகம் என்பது தெரியும். வேறு இடம் இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டோம். தயவுசெய்து அந்தப் பிரிவை மாற்றி எழுதி, ஓர் ஆளை அனுப்புங்கள்.

பகலில் வீட்டில்தான் இருப்போம். ராத்திரி என்றால் வலப்பக்கத்து வீட்டு மணியை அழுத்தச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் வருவதாக இருந்தால், படிக் கம்பியைப் பிடிக்காமல் ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
‘வசதி மேம்பாடு’ வரிசையில் காத்திருக்கும் ஒரு வீட்டுக்காரி