பாப்பாவுக்கு

பாப்பா,

சாப்பிட்டாயா? போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதிக் கேட்கிறேன். சித்தியிடம் பேசுகிறாய் என்று தெரியும். பேசு. உன் குரல் நல்லபடியாக இருக்கிறது என்று அவள் சொன்னாலே எனக்குப் போதும். வீட்டில் மோட்டார் மறுபடி கெட்டுப்போனது. சரி, அதை விடு.

போன வாரம் நாடக நடிகர் சங்கத்துக்குப் போயிருந்தேன். உன் புது நாடகம் பற்றிப் பேப்பரில் வந்ததை, நம் ஆர்மோனியப் பெட்டி அண்ணன் வெட்டி வைத்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். டைரக்டர் என்றால் மேடைக்கு வரமாட்டாங்களா என்று ஒரு பபூன் தம்பி கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஏது டைரக்டர்? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர். முருகன் யாரென்று வள்ளிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேடையடியில்தான் தெரியும். ஒத்திகை கிடையாது. ஆனாலும் விடியும்வரை பாட்டும் தர்க்கமும் பிசகாது, எல்லோரும் பாடம் பண்ணியது சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு. 1922-ல் போய்ச் சேர்ந்தவர், இன்றைக்கும் எங்களுக்கு அவர்தான் வாத்தியார். 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பித்து, சின்னப் பையன்களுக்கு அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் பெரிய நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்தவர்கள்தானே. "அவர் செய்ததைத்தான் தம்பி என் மகள் செய்கிறாள்" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

ஆனால் பாப்பா, கையில் நாலு காசு வை. பாலாமணி அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தியவர், அவர் நாடகத்துக்கென்றே ரயில் விட்டார்கள். கடைசிக் காலம் இங்கே மதுரையில், வறுமையில். நீயும் நடிக்க வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பஸ் காசு கொடுக்கிறாய். போன தடவை உன் கையில் பாட்டி வளையல் இல்லை. நான் கேட்கவில்லை. லைட் வாடகைக்குப் போயிருக்கும். மாதம் ஐந்நூறாவது போஸ்டாபீஸில் போடு.

வளையலைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. சித்திரையில் மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, "ஸ்கூல்ல டீச்சரா இருக்கா" என்றேனே. நீ காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றாய். தட்டை வைத்துவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாய்.

மேலூர், நத்தம் பக்கம் நாடகம் முடிந்து திரும்பும்போது, வேனுக்குள்ளேயே தேங்காய் எண்ணெய் போட்டு ரோஸ் பவுடரைத் துடைத்து, சாயம் போன சேலைக்கு மாறித் தெருமுனையில் இறங்குவேன். மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் போலத் தூக்குவாளியோடு நடந்து வருவேன். காலி வாளி. பத்தாவதில் உன் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் மில் வேலை என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, நாடக நடிகை என்று எழுதினாய். உன்னை அறைந்தேன். நாலு விரலும் கன்னத்தில் பதிந்திருந்தது. நீ அழவில்லை, வேறு படிவம் வாங்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாய்.

அந்த உன்னைத்தான் நாலு பேர் முன்னால் மறைத்தேன். உன் நல்லதுக்கு என்று சொன்னால் அது பொய். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ மேடையில் பார்த்த முகம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். என் மகள் டீச்சர் இல்லை, நாடகம் போடுகிறவள், நான் முப்பது வருஷம் வள்ளி வேஷம் கட்டியவள் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் பேச்சில்லை.

உன் நாடகம் அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிறதாமே. நானும் பெட்டி அண்ணனும் வருகிறோம். டிக்கெட் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நீ காசு போடாதே. முடிந்ததும் உன்னிடம் வரலாமா, இல்லை அப்படியே பஸ் ஏறிவிடட்டுமா என்று மட்டும் சித்தியிடம் சொல்லியனுப்பு. ஒத்திகை முடிந்து வெறும் டீயோடு படுக்காதே.

அம்மா