ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாத ஆளுக்கு யூரின் கல்ச்சர் எதுக்கு? நெல்லை டாக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டைல ஒரு லேப்ல யூரின் கல்ச்சர், அதான் மூத்திரத்துல கிருமி மொளைக்கான்னு பாக்க சோதனை, போடுதேன். உங்ககிட்ட கேக்கது ஒண்ணுதான், கல்ச்சர் சீட்டுல அந்த ஆளுக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க.

நெறைய சீட்டுல பேரும் வயசும்தான் இருக்கு. சுகர் செக்கப்புக்கு வந்த ஆச்சிக்கு மூத்திரத்துல பஸ் செல் (சீழ் அணு) கூட இருக்குன்னு கல்ச்சர் எழுதுதீங்க, மறுநாள் கிருமி வளக்க மெக்கான்கி பிளேட்டத் தொறந்தா ஈகோலைங்க குடல் கிருமி ரோஸ் கலர்ல மொளச்சுக் கெடக்கு, ஒரு மில்லி மூத்திரத்துல ஒரு லட்சத்துக்கு மேலன்னு ரிப்போர்ட் குடுக்கேன், ஒடனே வீட்ல பதறி ஊசி மருந்துன்னு ஆயிருது. ஆச்சிகிட்ட கேட்டா எரிச்சல் இல்ல, கடுப்பு இல்ல, காய்ச்சலும் இல்ல, நல்லாத்தான இருக்கேங்காவ.

1956-ல எட்வர்ட் காஸ்ங்க அமெரிக்க டாக்டர் அந்த ஒரு லட்சம் கணக்கச் சொன்னதே, கிருமி நெசமா நீர்ப்பையில இருந்து வருதா, பிடிக்கும்போது வெளிய இருந்து ஒட்டுச்சான்னு பிரிக்கத்தான். மருந்து குடுன்னு அந்த நம்பர் சொல்லல. வயசான பொம்பளையாளுக, சுகர்காரங்க, நாள்கணக்கா மூத்திர டியூப் போட்டுக் கெடக்கவங்க, இவங்களுக்கெல்லாம் கிருமி சும்மா இருக்கது சகஜம், பஸ் செல்லும் கூடவே இருக்கும். சுகர் உள்ள பொம்பளைகளுக்கு அறிகுறி இல்லாமலே ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்த ஆய்வு 2002-ல வந்துது, பெறவு இன்ஃபெக்ஷன் வாரது அதால கொறையல. காசு போறது கூடப் பெருசில்ல, தேவையில்லாம குடுத்த மருந்துக்குக் கிருமி பழகிட்டா, அந்த ஆச்சி நாளைக்கு நெசமாவே குளிர்க்காய்ச்சலோட வந்தா எந்த மருந்து கேக்கும்? பிளேட்டுல மருந்து ஏத்துன காகித வில்லைய (டிஸ்க்) வச்சா, மருந்து கேக்க கிருமின்னா அதச் சுத்தி கிருமி இல்லாம வட்டம் விழணும், டிஸ்க் ஓரம் வரைக்கும் மொளச்சு நிக்க பிளேட்டப் பாக்கும்போது எனக்கு வயித்தக் கலக்குது.

புள்ளத்தாச்சி விஷயம் வேற. அவங்களுக்கு ஒண்ணும் செய்யலன்னாலும் ஆரம்ப மாசத்துலயே கல்ச்சர் பாத்துரணும், கிருமி இருந்து விட்டுட்டா கிட்னிக்கு ஏறிர வாய்ப்பு ஜாஸ்தி, அங்க போயி டிப்ஸ்டிக் (மூத்திரத்துல முக்கிப் பாக்க பட்டை) மட்டும் பாத்து அனுப்பிராதீங்க. பிராஸ்டேட் ஆபரேஷன் மாதிரி உள்ள சதைய வெட்டுத வேலைக்கு முன்னாலயும் வேணும். இந்த ரெண்டு கூட்டத்துக்கு எத்தன சாம்பிள் வந்தாலும் ராத்திரி இருந்து போட்டுத் தாரேன்.

மத்தவங்களுக்கு எரிச்சல், காய்ச்சல், விலா வலின்னு ஏதாவது இருந்தா அத எழுதுங்க. ஒண்ணும் இல்லன்னா கல்ச்சரே எழுதாதீங்க, லேப்புக்கு வருமானம் கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. இன்னொண்ணு, வள்ளியூர்ல காலைல பிடிச்ச பாட்டில் பஸ்ல வெக்கையில கெடந்து மத்தியானம் வருது, ரெண்டு மணி நேரம் தாண்டுனா கிருமி அதுக்குள்ளயே பெருகிரும், ஐஸ் வச்சு அனுப்பச் சொல்லுங்க.