பத்துப் பேர் சேர்ந்தால் அரை மணி நேரம் கதவைச் சாத்துங்கள்

கேரளத்துப் பழைய யூதப் பள்ளிகளை, அதாவது ஜெப ஆலயங்களை, பராமரித்து, டிக்கெட் கிழித்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2019 மழையில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் முகப்பு எப்படிச் சரிந்து கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத்தான் சேந்தமங்கலம், பறவூர் பள்ளிகள் இன்று கூரையோடு நிற்பதன் அருமை தெரியும். ஓடு மாற்றினீர்கள், மரத்துக்கு வண்ணம் தீட்டினீர்கள், குறையில்லை.

குறை வேறு இடத்தில். போன டிசம்பரில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வந்திருந்தோம். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் அங்கே வேலை பார்க்கும் பையனைத்தான் பிடிப்பீர்கள். நல்ல பையன், மூச்சு விடாமல் பேசினான்: கட்டிடம் எத்தனை வருஷம் பழசு, மரம் என்ன மரம், எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும். ஏழாவது படிக்கும் என் மகள் "இங்க என்ன அண்ணா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். "பிரேயர்" என்றான். அவ்வளவுதான், அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

அந்த ஒரு சொல்லில் அடங்குகிற இடமா அது? நீங்களே அதைப் பள்ளி என்றுதானே சொல்கிறீர்கள். எங்களுக்குப் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற இடம். சமணப் பள்ளியும் பள்ளிவாசலும்கூட உண்டு. வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பாவின் இத்திஷ் பேசும் யூதர்களும் ஜெப ஆலயத்தை 'ஷூல்' என்பார்கள், அதுவும் பள்ளிக்கூடம்தான். எபிரேயத்தில் அதன் பெயர் கூடும் வீடு. ஆக, கூடுவதும் படிப்பதும் பெயரிலேயே இருக்கிறது. உங்கள் பலகையில்தான் இல்லை.

கொச்சி யூதர்களுக்கு முறைப்படி பட்டம் பெற்ற ரபி (மதகுரு) என்று தனியாக யாரும் கிடையாது. ஊர்ப் பெரியவர்களும் படித்தவர்களுமே வழிபாட்டை நடத்தினார்கள். அது லேசான காரியமில்லை. யூதர்களின் வேதமான தோராவின் சுருளில் உயிர்க்குறியும் இருக்காது, நிறுத்தற்குறியும் இருக்காது. நம் ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்களே, அதைவிடக் கஷ்டம். அதைப் பார்த்து ராகம் பிசகாமல் ஓத வேண்டுமென்றால் சின்ன வயதிலேயே உட்கார்ந்து உருப்போட்டிருக்க வேண்டும். மொத்தம் 54 பகுதிகள், வாரா வாரம் ஓதி, ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த அன்றே மறுபடி முதல் வரியைத் தொடங்குவார்கள். அந்த நாள்தான் சிம்ஹத் தோரா. சுருள்களைக் கையில் ஏந்திப் பாட்டும் கொண்டாட்டமுமாகச் சுற்றி வருவார்கள்.

நடுவில் ஒரு மேடை இருக்க, மாடியில் எதற்கு இன்னொரு மேடை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பண்டிகையிலும் தோராவை அங்கிருந்துதான் ஓதுவார்கள். அதன் பின்னாலேயே பெண்கள் உட்காரும் இடம். கேரளப் பள்ளிகளின் தனி அடையாளமே இந்த மாடி மேடைதான், கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். ஆய்வாளர்கள் அவற்றைச் சேகரித்துப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்து அதில் இரண்டு பாட்டு ஓடவிட என்ன செலவாகிவிடும்?

புளித்த மாவு துளிகூட வீட்டில் இருக்கக் கூடாத பஸ்கா பண்டிகைக்கு வாரக்கணக்கில் வேலை நடக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றைச் சுத்தம் செய்து, அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுப்பார்கள். இதைச் சொல்லியிருந்தால் என் மனைவி அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டாள்.

கசப்பானதையும் சொல்லுங்கள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களை மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில் சமமாக உட்காரவிடவில்லை, தோரா ஓதக் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருவரான ஏ.பி.சேலம் சென்னைக்கு வந்து சட்டம் படித்துத் திரும்பிப் போய், காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து அதை எதிர்த்தார். கடைசியில் தடைகள் மெல்லத் தளர்ந்தன. அழகான தரையைக் காட்டுகிறவர்கள் அந்தத் தரையில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதையும் காட்டலாம்.

அப்புறம் தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் செப்பேட்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, பாவாடை, குடை என்று அதில் வரும் உரிமைகளை எங்கள் ஊர்ப் பாட்டிக்குக்கூடப் படித்துக் காட்டலாம். (பாவாடை என்றால் சிரிக்காதீர்கள், நடந்து வர விரிக்கும் துணி.)

சரி, இவ்வளவு நீளமாக எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நின்றிருந்தபோது உள்ளே வயதானவர்கள் ஏழெட்டுப் பேர், பெண்களும் ஆண்களுமாக, இஸ்ரேலிலிருந்து வந்தவர்கள். தங்களுக்குள் மலையாளம் பேசிக்கொண்டார்கள். 1950களில் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஒரு பெரியவர் கதீஷ் சொல்ல ஆசைப்பட்டார். இறந்த அப்பா அம்மாவுக்காகப் பிள்ளை சொல்வது, ஆனால் சாவு என்ற சொல்லே அதில் வராது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். அவர்கள் வழக்கப்படி அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும். எண்ணிப் பார்த்தார், நான்கு பேர்தான். என்னைப் பார்த்து, நான் யூதனில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். சரி, தனியாகவாவது ஏதோ சொல்லிக்கொள்ளலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பினார். "சார், கொஞ்சம் நகருங்க, அடுத்த பேட்ச் வராங்க" என்று குரல் வந்தது. அவரும் நகர்ந்துவிட்டார், அவர் தாத்தா நின்று ஓதிய இடமாகக்கூட இருந்திருக்கலாம்.

விதி என்ன, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது இதுதான்: அருங்காட்சியகம் ஆகிவிட்ட பள்ளியிலும், அந்தச் சமூகத்தினர் பத்துப் பேர் சேர்ந்து வந்து கேட்டால், அரை மணி நேரம் டிக்கெட்டை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்துக்குக் குறைவாக வந்தால், சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறவரை நகரச் சொல்லாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் வெளியே திண்ணையில் காத்திருக்கிறோம், ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்படிக்கு,
டிசம்பரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சென்னைக்காரன்