நெக் அளவை எழுதி அனுப்பு, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்முச்சிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் வாயைக் கட்டுவதில்லை. பட்டறைச் சந்தில் சாக்கடைக்கு என்று தோண்டிப் போட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது. பீளமேட்டுச் சித்தப்பா விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும், அதை போனில் பேசிக்கொள்ளலாம்.

நீ விற்கப் போட்டிருக்கும் கிட்டாரின் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். நல்ல கிட்டார். ஏன் விற்கிறாய் என்று கேட்டதற்கு "நெக் செட் ஆகலப்பா" என்று, கை பிடிக்கிற கழுத்துக் கட்டையைக் குறை சொல்லி ஒரு வரி போட்டாய். இதற்கு முந்தினதுக்கும் இதே வரிதான் வந்தது. சரி, உன் கிட்டார், உன் காசு. ஆனால் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட ஒல்லியான நெக்காகத்தான் பார்த்து வாங்குகிறாய், அதைக் கவனித்தாயா?

படத்தில் உன் இடது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. உங்கம்மா வாட்ச் என்கிறாள். நீ வாட்சை வலது கையில் கட்டுகிறவள். இருக்கட்டும்.

நெக் சமாசாரத்துக்கு வருகிறேன். சி, டி, வி, யூ என்று எழுத்தைப் பார்த்து வாங்காதே. நெக்கைக் குறுக்கே அறுத்தால் பின்பக்கம் என்ன வளைவு தெரியுமோ அதற்குத்தான் அந்த எழுத்து, ஆனால் ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியின் சி கிடையாது. இதிலே வேடிக்கை, 60களின் ஃபெண்டர் கம்பெனி நெக்குகளின் அடிமுனையில் ஏ, பி, சி, டி என்று முத்திரை இருக்கும். அது வளைவே இல்லை, நட் அகலம், அதாவது நெக்கின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் கட்டையின் அகலம். பி என்றால் 1⅝ இஞ்ச், சி என்றால் 1¾. அதைப் பார்த்துவிட்டு சி ஷேப் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு.

எழுத்தை விடு, அளவைப் பார். நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டைகளில் முதல் ஃப்ரெட்டில் கனம், 12ஆவது ஃப்ரெட்டில் கனம், நட்டில் அகலம். அப்புறம் தோள், அதாவது நடு முதுகிலிருந்து ஓரத்துக்கு வளைவு எப்படி இறங்குகிறது என்பது. ஒரே கனமுள்ள இரண்டு நெக்கில் ஒன்று கைக்கு அடக்கமாகவும் இன்னொன்று கட்டையாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தத் தோள்தான்.

பட்டறையிலிருந்து வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து, நீ விட்டுவிட்டுப் போன வெள்ளைக் கிட்டாரை அளந்தேன். பயப்படாதே, கம்பியைத் தளர்த்திவிட்டு, வெர்னியர் தாடைக்கு அடியில் காகிதம் கொடுத்துத்தான் அளந்தேன். பாலிஷில் ஒரு கீறல் இல்லை. முதல் ஃப்ரெட்டில் 22.4 மி.மீ., 12இல் 24.6. நீ இப்போது விற்பது ஐபனேஸ் கம்பெனியின் விசார்ட் 3 நெக். கம்பெனி போட்டிருக்கும் அளவு 19, 21. மூன்றரை மி.மீ. வித்தியாசம், அம்மிணி! பட்டறையில் இந்த அளவுக்குப் பிசகினால் ஜாபைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவோம்.

ஒல்லியாக இருந்தால் கை நோகாது என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அரத்துக்குப் பிடி போடாமல் வால் முனையைப் பிடித்தே தேய்க்கிறவன் கை சாயங்காலம் எப்படிக் கடுக்கும் என்று நீயே பட்டறையில் பார்த்திருக்கிறாய். நெக்கும் அப்படித்தான். ரொம்ப மெல்லியதாக இருந்தால் உள்ளங்கையில் எதுவும் வந்து உட்காராது, கட்டைவிரலும் மற்ற விரல்களும் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். பாரம் பூரா கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மேல் விழுகிறது. கொஞ்சம் தடித்த நெக் உள்ளங்கையை நிரப்பும், அந்தச் சதை இளைப்பாறும்.

இதை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். கட்டைவிரலை நெக்கின் நடு முதுகில் வைத்து வேகமாக ஓடுகிறவர்களுக்கு மெல்லிய, தட்டையான நெக் தோதாக இருக்கும். அவர்களுக்காகச் செய்ததுதான் அது. கட்டைவிரலை மேலே ஏற்றிப் பிடிக்கிறவர்களுக்கு வேறு. 50களின் நடுவில் ஃபெண்டரில் வி நெக் வந்தது. அந்த முதுகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் பெயர் போட்டு வரும் ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரிலும் முனை மழுங்கின வி தான். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாரிலும் 1959 நெக் தடிமன், 1960இல் இளைத்துவிட்டது. இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

நீ எந்த ரகம் என்று நான் சொல்கிறேன். தீபாவளிக்கு அனுப்பிய வீடியோவில், கம்பியை இழுக்கும்போதெல்லாம் உன் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கிறது. அதைப் பட்டறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். லேத்தில் நிற்கிற பையன், "அண்ணா, நோம்பி மேடையில நீங்க வாசிச்சதைவிட நல்லா இருக்குதுங்க" என்றான். உண்மைதான். அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

கை சின்னது, அதனால் ஒல்லி நெக் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். கை எட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நீளத்தை. ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், ஃபெண்டரில் 648 மி.மீ., கிப்சனில் 628க்குப் பக்கம். ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி அங்கேதான் குறையும். அப்புறம் நட் அகலம். கனத்தைக் குறைப்பது அதற்கெல்லாம் பின்னால். பள்ளிக்கூடம் போகும்போது உன் கை இன்னும் சின்னது. அப்போது இந்த வெள்ளைக் கிட்டாரில் சோறு தண்ணி மறந்து வாசிப்பாய், கை வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. இவ்வளவு நாள் கிட்டார் பிடித்த அப்பா ஒருத்தன் இங்கே இருக்கிறேன், நீ முகம் தெரியாதவர்களிடம் கேட்டு வாங்குகிறாய்.

இன்னொன்று, பெல்ட். அதே வீடியோவில் கிட்டார் தொடைக்கு இறங்கித் தொங்குகிறது, மணிக்கட்டு ஒடிந்த மாதிரி மடங்கியிருக்கிறது. பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பிடித்தால் எந்த நெக்கும் செட் ஆகாது. உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அங்கேயே இருக்கிற மாதிரி பெல்ட்டை ஏற்று. கடையிலும் நின்றே வாசித்துப் பார். ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு வாங்காதே.

ஒன்று கேட்கிறேன், கேட்கவில்லை என்றே வைத்துக்கொள். ராத்திரி கை மரத்துப்போய் முழித்துக்கொள்கிறாயா? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்துக்கொள்கிறதா? அப்படி என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். நீ வயிற்றில் இருந்தபோது உங்கம்மாவுக்கு வந்தது, கையை உதறி உதறி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். நீ பிறந்த பிறகு போய்விட்டது. (இதை நினைவுபடுத்தியதிலிருந்து உங்கம்மா வேறு கணக்குப் போட்டுக்கொண்டு காலண்டரைப் பார்க்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் எதுவும் சொல்ல வேண்டாம்.) நரம்பு என்றால் நெக்கை மாற்றிச் சரியாகிற சமாசாரம் இல்லை. உங்கள் ஜி.பி. டாக்டரிடம் காட்டு. அந்தப் பட்டையை நீயாகக் கட்டிக்கொண்டாயா, யாராவது கட்டச் சொன்னார்களா?

உங்கள் பர்மிங்காம்காரர், பிளாக் சபாத் கிட்டார்காரர் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஃபேக்டரியில் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர். இடது கைக்காரர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி போட்டு வாசித்தார். கையில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் வழி கண்டுபிடிக்க முடிந்தது. நீ கிட்டார் கிட்டாராக மாற்றிக்கொண்டிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே.

கூரியரில் ஒரு கவர் வரும். வெள்ளைக் கிட்டாரின் முதல் ஃப்ரெட், 5, 12 என்று மூன்று இடத்தில் சாலிடரிங் ஈயக் கம்பியை நெக்கைச் சுற்றி அமுக்கி எடுத்து, அதை அட்டையில் வரைந்து வெட்டியிருக்கிறேன். அட்டை உன் கல்யாணப் பத்திரிகையில் மிச்சமானது, நல்ல கனம். கடைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போ. நெக்கின் பின்னால் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரிந்துவிடும். மயிரிழை வெளிச்சம் வந்தால் பரவாயில்லை. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அதுவரைக்கும் இதை விற்காதே. பெல்ட்டை ஏற்று. டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டே போ, அவர் பாவம் படத்தை அனுப்பிவிட்டு என்னிடம் வேறு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அடுத்து பிடித்துப் பார்க்கும் நெக் எதுவானாலும் முதல் ஃப்ரெட், 12ஆவது ஃப்ரெட் இரண்டையும் அளந்து எழுது. மி.மீ.யில் எழுது, இஞ்ச்சில் வேண்டாம். டாக்டர் சொன்னதையும் அதோடு சேர்த்து எழுதிவிடு.