தொடருந்து சிமுலேட்டர் வட்டம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இன்று வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. வரவு போதாமையால் சில கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. பொங்கல் ஒன்றுகூடலில் பிள்ளைகளுக்கான ஓட்டப் போட்டி நடந்தது. தலைவர் பரிசு வழங்கினார். கோடையில் போகூம்-டால்ஹௌசன் தொடருந்து அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் நாளன்று சந்திப்பு இல்லை. பெர்லினிலிருந்து வரும், யேர்மனியின் அதிவேகத் தொடருந்தான ஐசிஇ 2 ஹம் நிலையத்தில் பிரிந்து, ஒரு பாதி எசன் வழியாகவும் மறுபாதி வூப்பர்டால் வழியாகவும் போவதைச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்த மாலையில் மட்டும் அறை நிறைந்திருந்தது.

இனி ஓட்டுநர் மேசை: எஞ்சினில் உள்ளது போன்ற கைப்பிடிகளும் பொத்தான்களும் வைத்து, சிமுலேட்டரை ஓட்ட நாம் செய்த மேசை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு, எதற்கு இவ்வளவு நேரம் என்ற கேள்வி ஆண்டு முழுவதும் நேரிலும் வட்ஸ்அப் குழுவிலும் வந்துகொண்டே இருந்தது. பொதுக்கூட்டத்தில் பதில் சொல்வதுதான் முறை.

மேசை செப்டெம்பரில் பூர்த்தியானது. இழுவைக் கைப்பிடி, முழுத் தொடருக்குமான பிரேக், எஞ்சினுக்கு மட்டுமான பிரேக், ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் சிஃபாவின் மிதிபலகை, சிக்னலை மீறினால் தொடருந்தை நிறுத்தும் பிஇசட்பியின் மூன்று பொத்தான்கள், அதன் விளக்குகள் எல்லாம் அதில் உண்டு. பிரேக் கைப்பிடியை அனுப்பிய கடை முதலில் வேறொன்றை அனுப்பி, மாற்றித் தரப் பல வாரம் எடுத்ததால்தான் தாமதம். மேசை சூசி 3 என்ற தொடருந்து சிமுலேட்டர் மென்பொருளோடு இணைக்கப்பட்டுள்ளது. படம் இன்னும் அழகாக இருக்கும் விளையாட்டுகள் உண்டு என்பதை நானும் அறிவேன். ஆனால் கார்ஸ்டன் ஹோல்ஷர் உருவாக்கிய இந்த மென்பொருளின் தொழில்முறைப் பதிப்பில்தான் சில தொடருந்து நிறுவனங்கள் தம் ஓட்டுநர்களுக்கே பயிற்சி கொடுக்கின்றன. மேசைக்கு இதைத் தெரிவுசெய்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

யேர்மன் எஞ்சினை ஓட்டுவது என்றால் என்ன? 101 வகை எஞ்சினின் சிவப்பு நிறமும் 220 கிலோமீற்றர் வேகமும் திரையில் தெரிவது மட்டும் அல்ல. அந்த எஞ்சின் ஓட்டுநரிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்; அவர் பதில் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மிதிபலகையை அழுத்தியபடி ஓட்டி, 30 விநாடிக்குள் ஒருமுறை காலை எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். தவறினால் விளக்கு எரியும். இரண்டரை விநாடியில் ஒலி எழும். இன்னும் இரண்டரை விநாடியில் அவசர பிரேக் விழும். அதுதான் சிஃபா. ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் தொடருந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது.

பிஇசட்பி அதைவிட நுட்பமானது. அடுத்த பிரதான சிக்னல் சிவப்பு என்று முன்சிக்னல் எச்சரிக்கும் இடத்தில், தண்டவாளத்தின் அருகே 1000 ஹேர்ட்ஸ் காந்தம் இருக்கும். அதைத் தாண்டி 4 விநாடிக்குள் பொத்தானை அழுத்தி, கண்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பயணிகள் தொடருந்து 23 விநாடிக்குள் 85 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே வந்துவிட வேண்டும். கண்காணிப்பு 1250 மீற்றருக்கு நீடிக்கும். 700 மீற்றருக்குப் பின், சிக்னல் மாறிவிட்டதைக் கண்ணால் பார்த்தவர் பொத்தானை அழுத்தி விடுவித்துக்கொள்ளலாம். பார்க்காமல் விடுவித்தவர் சிக்னலுக்கு முன்னுள்ள 500 ஹேர்ட்ஸ் காந்தத்தில் அகப்பட்டு அவசர பிரேக்கில் நிற்பார். சிவப்பையே தாண்டினால் 2000 ஹேர்ட்ஸ் காந்தம் நிறுத்திவிடும். இடையில் எங்காவது நின்றாலோ, 10 கிலோமீற்றருக்குக் கீழே 15 விநாடி ஊர்ந்தாலோ எல்லை இன்னும் இறுகி 45 ஆகும். நின்ற இடம் 500 ஹேர்ட்ஸ் காந்தத்துக்கு அப்பால் என்றால் 25. பச்சை விழுந்ததும் கைப்பிடியை முழுவதும் தள்ளும் நம் அங்கத்தவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இது தலைவலி என்றும், அணைத்துவிட்டு ஓட்டினால் என்ன என்றும் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011 ஜனவரி 29 அன்று சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தின் ஹோர்டோர்ஃப் அருகே ஒரு சரக்குத் தொடருந்து சிவப்பைத் தாண்டிப் போய், எதிரே வந்த பயணிகள் தொடருந்தோடு மோதியது. 10 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் பிஇசட்பி காந்தம் பொருத்தப்பட்டிருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின் விதியே திருத்தப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், மேசையில் எவரும் பிஇசட்பியையும் சிஃபாவையும் அணைக்கக் கூடாது என்று நிர்வாக சபையில் தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது. ஆயினும் ஒக்டோபர் கூட்டு ஓட்டத்தில் இரண்டும் அணைக்கப்பட்டிருந்தன. யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவர் இன்று வரவில்லை.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக்கின் காற்றுக் குழாயில் 5 பார் அழுத்தம் இருந்தால் பிரேக் விடுபட்டிருக்கும், 3.5 பாருக்கு இறக்கினால் முழுப் பிரேக். சரக்குத் தொடருந்தின் 'ஜி' நிலையில் பிரேக் உருளை நிறைய 18 முதல் 30 விநாடியும், விடுபட 45 முதல் 60 விநாடியும் ஆகும். பயணிகள் தொடருந்தின் 'பி' நிலையில் 3 முதல் 5 விநாடியில் நிறைந்துவிடும். காரின் பிரேக் போல மிதித்ததும் பிடிக்கும் விளையாட்டுகளில் பழகியவர்கள், சரக்குத் தொடரோடு மேசையில் அமர்ந்ததும் சிக்னலைத் தாண்டி நிற்கிறார்கள். அது மேசையின் பழுது என்று குழுவில் எழுதப்பட்டது. பழுதல்ல. பிரேக் பிடிக்கும் என்று நம்பிக் கைப்பிடியை இழுத்துவிட்டு, அது பிடிக்கும்வரை காத்திருக்கும் அந்த நேரம்தான் சரக்கு ஓட்டுநரின் வேலை.

எஞ்சின் தெரிவிலும் கருத்து வேறுபாடு இருந்தது. 218 வகை டீசல் எஞ்சினுக்கு, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மானி எங்கே என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி; ஊரில், இலங்கையில், அவர் பார்த்த எம்6 எஞ்சின், யேர்மனியின் ஹென்ஷல் கட்டியதே ஆனாலும், டீசல்-மின் எஞ்சின். 218 டீசல்-ஹைட்ராலிக். அதில் சக்கரத்தைச் சுழற்ற மின்மோட்டாரே கிடையாது. திரவத்தின் வழியாகத்தான் சக்தி போகிறது. ஆகவே அந்த மானிக்கு அங்கே வேலை இல்லை. 182 வகை டோரஸ் என்ற மின் எஞ்சின் புறப்படும்போது சுரவரிசை போல எழுப்பும் ஒலியும் அப்படித்தான்: அது இழுவை மோட்டாருக்கு மின்சாரம் தரும் மாற்றிகளிலிருந்து வருவது. நகரத் தொடங்கும்போது கேட்க வேண்டும். வேகம் கூடிய பின்னும் கேட்டுக்கொண்டிருந்தால், யாரோ பதிவுசெய்ததை ஒட்டிவைத்திருக்கிறார்கள். 103 வகை மின் எஞ்சினில் சக்தியைக் கூட்ட 39 படிகள். கைச்சக்கரத்தைத் திருப்பிய உடனே சக்தி வராது, படிப்படியாகத்தான் ஏறும். என் விருப்பம் 103. நிதானமாக ஓட்டப் பழகுவதற்கு அதைவிட நல்ல எஞ்சின் இல்லை.

நவம்பரில் ஓய்வுபெற்ற யேர்மன் ஓட்டுநர் ஒருவரை அழைத்திருந்தோம். வட்ஸ்அப்பில் வருகிறோம் என்று கை உயர்த்தியவர்களில் கால்வாசிப் பேரும் வரவில்லை. அவர் வெறும் கதிரைகளைப் பார்த்தபடி மேசையில் அமர்ந்தார். முதல் வேலையாகக் கால் மிதிபலகையைத் தேடியது. பிறகு ஓட்டத் தொடங்கு முன் பிரேக் சோதனை செய்தார். எவரும் கேட்காமலே செய்தார். வந்திருந்த பிள்ளைகள் இருவர் அன்று முழுவதும் அவர் பக்கத்திலேயே நின்றார்கள். அன்று வராதவர்களுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சந்தா. அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு நிலுவை இருக்கிறது. சிலருக்குச் சென்ற ஆண்டினதும் சேர்ந்து. நினைவூட்டல் அனுப்பப்பட்டது. பார்த்ததற்கான நீலக் கோடு விழுந்தது; பதில் வரவில்லை. அறை வாடகையும் மின்கட்டணமும் நாம் வந்தாலும் வராவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

விரிவான கணக்கைப் பொருளாளர் வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. மேசைச் செலவில் ஒரு பங்கை வட்டம் ஏற்றது. மிச்சம் சில அங்கத்தவர்களின் அன்பளிப்பு. என் பங்கும் அதில் உண்டு. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.

அறையைத் தந்த தமிழ்ப் பாடசாலை நிர்வாகத்துக்கும், மேசைக்குப் பலகை அறுத்துத் தந்த அங்கத்தவருக்கும், மின்இணைப்புகளைச் சரிபார்த்த இளைஞருக்கும், தேநீரும் வடையும் தந்த குடும்பங்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதற்குத் தேவையான, அனுமதிக்கப்பட்ட வேகத்தை ஓட்டுநருக்கு இடைவிடாமல் காட்டும் எல்இசட்பி காட்சித்திரையை மேசையில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் ஐசிஇயை 160க்கு மேல் கொண்டுபோவது அர்த்தமற்றது. பிள்ளைகளுக்கு பிஇசட்பி வகுப்பும் தொடங்க வேண்டும். பாடம் எழுதிவைத்திருக்கிறேன், கற்பிக்க இன்னும் இருவர் வேண்டும். மேசையின் திறப்பு என்னிடம் மட்டுமே இருப்பது சரியல்ல. அதைப் பொறுப்பெடுக்க ஒருவர் முன்வராவிட்டால், இந்தப் பதவியில் நான் தொடர்வது பற்றிச் சபை யோசிக்க வேண்டிவரும். மேசை பிரித்து எடுத்துச் செல்லக்கூடியதல்ல. அறை போனால் மேசையும் போகும்.

நிலுவைச் சந்தாவை பெப்ரவரி முடிவதற்குள் பொருளாளரிடம் செலுத்துங்கள். வங்கியில் இடுவோர் பெயரையும் ஆண்டையும் எழுத மறக்க வேண்டாம். முதலாவது பிஇசட்பி வகுப்பு மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு.

செயலாளர்